24 டிகிரியா, 20 டிகிரியா, இரட்டை உடலா: ஆழ்கடல் விசைப்படகுக்கு எந்த அடிப்பகுதி?

ஃபுளோரிடாவில் பழைய விசைப்படகு தேடுகிறவரின் கண்ணில் முதலில் படும் எண் 24. "பின்பலகையில் 24 டிகிரி டீப்-வீ" என்று விளம்பரத்தின் முதல் வரியிலேயே போட்டிருப்பார்கள். அடுத்த விளம்பரத்தில் அதே 26 அடி நீளம், அதே இரட்டை அவுட்போர்டு (பின்பலகைக்கு வெளியே மாட்டும்) எஞ்சின், ஆனால் 20 டிகிரி. மூன்றாவதாக ஓர் இரட்டை உடல் படகு, அதாவது கேட்டமரான். மயாமியிலிருந்து கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டத்தில் மீன் பிடிக்கவும், நல்ல நாள் பார்த்து பஹாமாஸின் பிமினி தீவு வரை போய்வரவும் ஒரே ஒரு படகுதான் வாங்க முடியும் என்றால் இவற்றில் எதை எடுப்பது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்பலகையில் அளந்த அந்த ஒற்றை எண் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. வாங்குபவர் கேட்க வேண்டியவை வேறு: படகு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடும், எத்தனை மணி நேரம் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கும், ஓடும்போது உண்மையில் எத்தனை நாட் (மணிக்கு எத்தனை கடல் மைல்) வேகத்தில் ஓடும்? இவற்றுக்கு நேர்மையான பதில் கையில் இருந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

கோணம் என்பது இதுதான். படகின் அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் ஏராவிலிருந்து இரு பக்கமும் அடிப்பலகை மேலேறிப் போகிறது. அது கிடைமட்டத்தோடு உண்டாக்கும் சரிவைத்தான் படகுக்காரர்கள் டெட்ரைஸ் என்கிறார்கள். அடிப்பலகையும் பக்கச்சுவரும் சந்திக்கும் விளிம்புக்கு சைன் என்று பெயர். சரிவு 10 டிகிரி என்றால் ஏறக்குறையத் தட்டை. 24 என்றால் ஆங்கில V எழுத்தைப் போன்ற கூரிய வீ, அதாவது டீப்-வீ.

இந்த 24-ஐ வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க வடிவமைப்பாளர் ரே ஹன்ட். அதற்கு முன்பு வேகப்படகுகள் முன்முனையான அணியத்தில் கூர்மையாகத் தொடங்கி, பின்னால் போகப் போகத் தட்டையாகிவிடும். ஹன்ட் அந்தக் கூர்மையைக் குறைக்காமல் பின்பலகை வரை இழுத்துக்கொண்டு போனார். 1958-இல் நியூபோர்ட்டில் நடந்த அமெரிக்கா கோப்பைத் தேர்வுப் பந்தயங்களின்போது அவருடைய 23 அடிப் படகு கொந்தளிப்பில் ஓடிய விதத்தைப் பார்த்த மயாமி படகு வணிகர் டிக் பெர்ட்ரம், தனக்கு 30 அடியில் ஒன்று வேண்டும் என்றார். அதுதான் மாப்பி. 1960-ஆம் ஆண்டின் மயாமி–நசாவ் பந்தயத்தில், கடல் மிக மோசமாக இருந்த நாளில், மாப்பி 8 மணி நேரத்தில் கரை சேர்ந்தது. 2 மணி நேரம் கழித்து வந்த இரண்டாவது படகும் ஹன்ட்டுடைய வடிவம்தான். மூன்றாவது படகு மறுநாள்தான் வந்தது. மாப்பியின் அச்சிலிருந்து பிறந்த பெர்ட்ரம் 31, 1961 முதல் 20 ஆண்டுகளுக்கு மேல் கண்ணாடியிழையில் கட்டப்பட்டது. கடலில் ஓடும் அழகுக்குப் புகழ்பெற்ற அதே படகுக்கு, நின்றால் விடாமல் ஆடும் என்ற பெயரும் உண்டு.

கிட்டத்தட்ட அதே சமயத்தில், டிக் ஃபிஷருடன் சேர்ந்து, பாஸ்டன் வேலர் என்ற 13 அடிச் சிறுபடகின் அடிப்பகுதியை வரைந்தவரும் இதே ஹன்ட்தான். அது அகலமானது, கீழே பல மேடுகள் கொண்டது. ஓரத்தில் ஆள் நின்றாலும் அதிகம் சாயாது. ஆனால் சிற்றலையில் வேகமாக ஓட்டினால் எலும்பு அதிரும். ஒரே மனிதர் எதிரெதிரான இரண்டு வடிவங்களைத் தந்திருக்கிறார் என்றால், எது உயர்ந்தது என்ற கேள்வியே பொருந்தாது. எதற்காக என்றுதான் கேட்க வேண்டும்.

ஓடும்போது

அலை மேல் விழும் படகுக்கு ஏற்படும் அதிர்ச்சி, பலகையைத் தட்டையாகத் தண்ணீரில் அறைவதற்கும் விளிம்பால் வெட்டுவதற்கும் உள்ள வேறுபாடுதான். இதை எண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கல்விக்கழகத்தில் ஜெரார்ட் ஃபிரிட்ஸ்மா 10, 20, 30 டிகிரி மாதிரிகளை அலைத்தொட்டியில் ஓட்டி அளந்தார். அந்த அளவுகளை வைத்து டேனியல் சாவிட்ஸ்கியும் வார்ட் பிரவுனும் 1976-இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். படகின் எடை மையத்தில் சராசரியாக எவ்வளவு அதிர்ச்சி விழும் என்பதை அது தோராயமாகச் சொல்கிறது. மற்றவை எல்லாம் மாறாமலிருக்க, 20 டிகிரி அடிக்கு அதிர்ச்சி 100 என்று வைத்தால், 24 டிகிரிக்கு ஏறத்தாழ 87, 16 டிகிரிக்கு 113 வருகிறது. 16-இலிருந்து 24-க்குப் போனால் அதிர்ச்சியில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவானது தணிகிறது.

ஆனால் அதே சூத்திரத்தில் வேகம் இருபடியாக (வர்க்கமாக) நுழைகிறது. 30 நாட்டிலிருந்து 24 நாட்டுக்கு இறங்கினால் அதிர்ச்சி 36 சதவீதம் குறைகிறது. அணியம் எவ்வளவு தூக்கி நிற்கிறது என்பதும் நேர் விகிதத்தில் வருகிறது. 6 டிகிரி தூக்கியிருந்ததை, பின்பலகையின் கீழ்விளிம்பில் ஏற்றி இறக்கக்கூடிய தகடுகளான டிரிம் டேப்களால் 4 டிகிரிக்கு அழுத்தினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதாவது, 16 டிகிரிப் படகை விற்று 24 டிகிரிப் படகு வாங்குவதால் கிடைப்பதைவிட, கையிலிருக்கும் விசைப்பிடியையும் டேப்களையும் ஒழுங்காகப் பயன்படுத்துவதால் கிடைப்பது அதிகம். படகு விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஒவ்வொரு வாங்குபவருக்கும் இதுதான் முதலில் தெரிய வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

மெதுவாகப் போவதிலும் ஓர் எல்லை உண்டு. நீரின் மேல் எழும்பிச் சறுக்கி ஓடும் நிலையைப் படகு இழக்கக் கூடாது. கோணம் கூடக் கூட அடிக்குக் கிடைக்கும் தூக்குவிசை குறைகிறது. அதனால் 24 டிகிரிப் படகுக்கு எழும்பவும் எழும்பியே இருக்கவும் கூடுதல் வேகம் வேண்டும், கூடுதல் பெட்ரோலும் வேண்டும். கடல் மிக மோசமாகி 14, 15 நாட்டுக்கு மேல் யாராலும் ஓட்ட முடியாத நாளில், 20 டிகிரிப் படகு டேப்களின் உதவியோடு இன்னும் சறுக்கிக்கொண்டிருக்கும். அதே எடையுள்ள 24 டிகிரிப் படகு பின்புறம் அமிழ, அணியம் தூக்க, முன்னால் பார்வை மறைய, உழுதுகொண்டு வரும். மோசமான கடலுக்காகவே வாங்கியது அதே கடலில் சிரமப்படுவதைக் காண வேண்டியிருக்கும். பெரிய டேப்கள் இல்லாத 24 டிகிரிப் படகை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்று, அலை எங்கே மோதுகிறது என்பது. 25 நாட்டில் ஓடும் படகின் அடியில் அலை அறைவது பெரும்பாலும் நடுப்பகுதியிலும் அதற்கு முன்னாலும்தான். பின்பலகைக் கோணத்துக்கு அங்கே வேலையே இல்லை. கிரேடி-வைட் படகுகளில் ஹன்ட் நிறுவனம் வரைந்த ஸீ-வீ-ஸ்கொயர் அடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அணியத்தில் மிகக் கூர்மையாகத் தொடங்கி, எந்த இரண்டு இடத்திலும் ஒரே கோணம் இல்லாமல் தணிந்துகொண்டே வந்து, பின்னால் 20 டிகிரி அளவில் முடிகிறது. காகிதத்தில் 20 என்றிருந்தாலும் அலை படும் இடத்தில் அது 24 டிகிரி நிலைக்கோணப் படகைவிடக் கூர்மையாகவே இருக்கலாம். 40 நாட்டுக்கு மேல் ஓட்டி, படகு முழுதாக நீரைவிட்டு எழுந்து, பின்பக்கத்தால் விழும்போதுதான் பின்பலகையின் 24 தன் முழுப் பயனைத் தருகிறது. பந்தயக்காரர்களுக்கு அது உயிர்நாடி. ரெகுலேட்டர் நிறுவனம் 24 டிகிரி, கன்டெண்டர் நிறுவனம் 24.5 டிகிரி என்று வைத்திருப்பது அந்த வேகத்தில் ஓடுகிறவர்களை மனத்தில் வைத்துத்தான்.

அப்படியானால் மாறுகோண அடிக்கு ஒரு குறையும் இல்லையா? உண்டு, அது பின்னலையில் தெரியும். முன்பக்கம் கூராகவும் பின்பக்கம் தட்டையாகவும் இருக்கும் படகைப் பின்னாலிருந்து வரும் அலை தூக்கும்போது, தட்டையான பின்பக்கம் எழும்பி, கூரான அணியம் தண்ணீரில் புதைந்து, படகு தன் மனம்போன பக்கம் திரும்பப் பார்க்கும். மயாமியின் ஹாலோவர் முகத்துவாரத்தில், நீர் வெளியே வடியும் நேரத்தில், கடலிலிருந்து உள்ளே நுழைகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். முன்னும் பின்னும் ஒரே கோணம் கொண்ட டீப்-வீ இந்த இடத்தில் நேர்கோட்டை விடாமல் பிடிக்கிறது. மாறுகோணப் படகை ஓட்டுகிறவர் டேப்களை முழுக்க மேலே எடுத்து, எஞ்சினை வெளியே சாய்த்து, அணியத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

டீப்-வீக்கே உரிய இரண்டு குணங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கக் காற்றில் ஓடும்போது அது காற்று வரும் பக்கமாகச் சாயும். புதிதாக வாங்கியவர் ஏதோ கோளாறு என்று பயப்படுவார். அந்தப் பக்கத்து டேப்பைச் சற்று இறக்கினால் நிமிர்ந்துவிடும். மிக உயர்ந்த வேகத்தில், ஏராவை ஒட்டிய குறுகலான பகுதி மட்டும் நீரைத் தொடும்போது, படகு ஒரு சைனிலிருந்து மறு சைனுக்கு மாறி மாறி விழத் தொடங்கும். அப்போது எஞ்சினின் சாய்வை உள்ளே எடுத்து வேகத்தை மெல்லக் குறைக்க வேண்டும். திருப்பி அடக்கப் பார்த்தால் ஆட்டம் கூடும்.

நிற்கும்போது

மீன் பிடிக்கப் போகிறவரின் நாளில் பெரும்பகுதி இங்கேதான் கழிகிறது. அவர் படகை வெறுப்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

நிற்கும் படகின் நிலைத்தன்மையை முதலில் தீர்மானிப்பது நீர்மட்டத்தில் அதன் அகலம். அது முப்படியாக வேலை செய்கிறது. நீர்மட்ட அகலம் 2.4 மீட்டரிலிருந்து 2.6 மீட்டர் ஆனால், அகலத்தால் கிடைக்கும் நிமிர்த்தும் வலு 27 சதவீதம் கூடிவிடும். டீப்-வீயில் சிக்கல் என்னவென்றால், நிற்கும்போது சைன்கள் நீருக்கு மேலே இருந்தால், நீர்மட்டத்தில் படகு அதன் உண்மையான அகலத்தைவிடக் குறுகலாகிவிடுகிறது. முதல் சில டிகிரி எளிதாகச் சாய்ந்து, சைன் நீரில் இறங்கியதும் சட்டென்று இறுக்கமாகத் தாங்கும். எனவே அது கவிழப் போகிற சாய்வு இல்லை. ஆனால் ஓரத்தில் நிற்பவருக்கு அது அப்படித் தோன்றாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 3 டன் படகு. தலா 80 கிலோ எடையுள்ள 3 பேர் ஒரே பக்கமாக 1 மீட்டர் நகர்கிறார்கள். படகின் நிமிர்த்தும் வலுவைக் காட்டும் அளவான மெட்டாசென்டர் உயரம் 1.2 மீட்டர் என்றால் படகு 4 டிகிரிக்கும் குறைவாகச் சாயும். அது 0.6 மீட்டர் என்றால் ஏறத்தாழ 7.5 டிகிரி. பெரிய மீன் ஒன்று பக்கவாட்டில் வர, எல்லோரும் அங்கே ஓடும் நேரத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது.

இங்கே சாலையும் ஒரு பங்கு வகிக்கிறது. அமெரிக்காவில் தனி அனுமதி இல்லாமல் டிரெய்லரில் இழுத்துப் போக அகலம் 8 அடி 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதனால் 24, 25 அடிப் படகுகள் ஏராளமாக அந்த அகலத்திலேயே நின்றுவிடுகின்றன. அந்த அகலத்தில் 24 டிகிரி அடி என்பது, நிற்கும்போது ஆடும் என்று தெரிந்தே வாங்குவது. படகுத்துறையில் இடம் இருக்கிறது, டிரெய்லர் தேவையில்லை என்றால், 9 அடிக்கு மேல் அகலமும், தட்டையாகக் கீழ்நோக்கி வளைந்த அகலமான சைனும் கொண்ட 24 டிகிரிப் படகைத் தேட வேண்டும். அந்த சைன்தான் நிற்கும்போது அகலத்தைத் தருகிறது, ஓடும்போது தெறிக்கும் நீரையும் மடக்கிவிடுகிறது.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். உயரமான கூரையும் அதன் மேல் ஓட்டுநர் மேடையும் எடை மையத்தை மேலே ஏற்றுகின்றன. பெட்ரோல் தொட்டி தரைக்குக் கீழே இருப்பதால், 750 லிட்டர் நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 550 கிலோ அடியில் உட்கார்ந்து சைன்களையும் நீருக்குள் இறக்குகிறது. தொட்டி காலியாகும்போது அதே படகு வேறு படகாக ஆடும். நிரம்பிய தொட்டியோடு பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆட்டத்தை அடக்கும் துணைகள்

24 டிகிரி அடியின் ஓட்டமும் வேண்டும், நிற்கும்போது அமைதியும் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. இவை ஒன்றுக்கொன்று மாற்று இல்லை, இரண்டும் தீர்ப்பது வேறு வேறு தொல்லைகளை.

சீகீப்பர் போன்ற கைரோ கருவி, வெற்றிடத்தில் சுழலும் கனமான சக்கரத்தின் வலுவால் பக்கவாட்டு ஆட்டத்தை அடக்குகிறது. வேலை செய்யும்போது அதன் பயன் வியப்பூட்டுவது. வாந்தியால் கடலையே விட்டுவிட்டவர்களைத் திரும்பக் கொண்டுவரக்கூடியது. ஆனால் இந்த அளவுப் படகுக்கான சிறிய மாதிரியே 160 கிலோவுக்கு மேல். சக்கரம் வேகம் பிடிக்க நேரமும் தொடர்ந்து மின்சாரமும் வேண்டும். முக்கியமாக, அது ஆட்டத்தைத்தான் அடக்கும், சாய்வை இல்லை. மூன்று பேர் ஒரு பக்கம் போனால் படகு முன்பு சாய்ந்த அளவே சாயும்.

நியூசிலாந்தின் சர்டீஸ் அலுமினியப் படகுகளில் இருப்பது இதற்கு நேர் மாறானது. ஏராவை ஒட்டிய அறை ஒன்று பின்பக்கம் திறந்திருக்கும். படகு நின்றதும் கடல் நீர் உள்ளே புகுந்து படகை ஆழ இறக்கி, சைன்களை நீரில் உட்கார வைக்கிறது. ஓடத் தொடங்கியதும் சில நொடிகளில் வடிந்துவிடுகிறது. மின்சாரம் இல்லை, பழுதாக அதிகம் எதுவும் இல்லை. இது சாய்வைக் குறைக்கிறது. டிரெய்லர் அகலத்துக்குள் இருக்க வேண்டிய டீப்-வீக்கு நான் அறிந்த மிகச் சிறந்த தீர்வு இதுதான். ஆனால் கட்டும்போதே இருக்க வேண்டும், பிறகு சேர்க்க முடியாது.

இரட்டை உடல்

உடல் இரண்டும் விலகி நிற்பதால், வேர்ல்ட் கேட் போன்ற படகுகளில் நிற்கும்போது கிடைக்கும் உறுதியை எந்த ஒற்றை உடல் படகும் தர முடியாது. ஓரத்தில் நான்கு பேர் நின்று மீன் இழுக்கலாம். மிதமான எதிரலையில் 20 நாட் அளவில் மென்மையாகப் போகும். ஆனால் உறுதி மிகுந்தால் ஆட்டம் குறுகிய கால அளவில் வெடுக்கென்று வரும். பக்கத்து அலையில் நிற்கும்போது சிலருக்கு டீப்-வீயின் நீண்ட ஆட்டத்தைவிட இதுதான் தலைசுற்றலைத் தருகிறது. எடை ஏற்றினால் இரண்டு ஒல்லியான உடல்களும் விரைவாக இறங்கி, இரண்டையும் இணைக்கும் நடுத்தளத்தின் அடியில் அலை அறையத் தொடங்கும். திருப்பங்களில் உள்பக்கம் சாயாமல் நிமிர்ந்தோ வெளிப்பக்கம் சாய்ந்தோ போகும். மோட்டார் சைக்கிள் போலச் சாய்ந்து பழகிய உடலுக்கு இது ஒத்துவர நாளாகும். வாங்குவதற்கு முன் முழு எடையோடு ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்கவே கூடாத படகு இது.

என் தேர்வு

ஆட்டம் வயிற்றைக் கலக்கும். அறைச்சல் முதுகை உடைக்கும். வேகப்படகுகளில் முதுகெலும்புக் கணு நசுங்கிய காயங்கள் கற்பனையில்லை. அதிலும் அணியத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் நேர்கிறது. அதனால் இரண்டில் ஒன்றைத்தான் குறைக்க முடியும் என்றால் அறைச்சலைக் குறைக்க வேண்டும். 35 நாட்டுக்கு மேல் ஓடுகிறவர், அடிக்கடி பிமினிக்குக் கடக்கிறவர், பெரும்பாலும் பெரியவர்களோடு போகிறவர் 24 டிகிரியை எடுக்கட்டும். அகலத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

குடும்பத்தோடு போய், 25 நாட்டில் ஓடி, நாளில் பாதிக்கு மேல் நின்று மீன் பிடிப்பவருக்கு, பின்னால் 20 டிகிரியில் முடியும் மாறுகோண அடிதான் சரி. எனக்குத் தெரிந்த பெரும்பாலானவர்களின் உண்மையான பயன்பாடு இதுதான், அவர்கள் பேச்சில் வரும் பயன்பாடு வேறாக இருந்தாலும். வீட்டில் உள்ளவர்கள் ஒரு முறை வந்து வாந்தியெடுத்துவிட்டு மறுபடி வர மறுத்தால், அந்தப் படகின் 24 டிகிரி யாருக்கும் பயன்படப் போவதில்லை. வயதானவர்கள் அடிக்கடி ஏறுவார்கள், வேகம் பெரிதில்லை, படகுத்துறையில் இடமும் உண்டு என்றால் இரட்டை உடல். கல்ஃப் ஸ்ட்ரீமின் வடக்கு நோக்கிய ஓட்டத்துக்கு எதிராக வடக்குக் காற்று பலமாக வீசும் நாளில், இந்த மூன்றில் எதையும் எடுத்துக்கொண்டு 26 அடியில் கடக்கக் கூடாது. அந்தச் செங்குத்தான அலைக்கு எந்தக் கோணமும் விடையில்லை.

பழைய படகு வாங்குகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பல பழைய டீப்-வீ படகுகளில் முதலில் இருந்த எஞ்சினை எடுத்துவிட்டுப் பின்பலகைக்கு வெளியே தாங்கி வைத்து, புதிய நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளை மாட்டியிருப்பார்கள். 300 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றே 250 கிலோ அளவுக்கு வரும். இரண்டு என்றால் அரை டன், வடிவமைத்தவர் நினைக்காத இடத்தில். நிற்கும்போது தளத்தின் வடிகால் துளைகள் நீர்மட்டத்துக்குக் கீழே போகின்றனவா என்று பார்க்க வேண்டும். அமைதியான நீரில் ஓடும்போது அணியம் தானாகவே மேலும் கீழும் குதிக்கத் தொடங்கி, டேப்களை இறக்கினால்தான் அடங்குகிறது என்றால், எடை பின்னால் மிகுந்துவிட்டது என்று பொருள்.

சோதனை ஓட்டத்தைக் காலை நேர அமைதியில் வைக்கச் சொல்வார்கள். காற்று எழும் பிற்பகலுக்கு மாற்றச் சொல்லுங்கள், தொட்டி கால் பங்குக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். வழக்கமாக உங்களோடு வருகிறவர்களையே அழைத்துப் போங்கள். முகத்துவாரத்தைத் தாண்டியதும் எதிரலையில் 25 நாட்டில் கொஞ்ச நேரம், பிறகு சறுக்கல் நிலை விடும் வரை மெல்லக் குறைத்து, அது எந்த வேகத்தில் விடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பிப் பின்னலையில் ஓட்டி, சக்கரத்தில் எவ்வளவு திருத்த வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக அலைக்குப் பக்கம் காட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, கைரோ இருந்தால் அதையும் அணைக்கச் சொல்லி, எல்லோரையும் ஒரே பக்கம் நிற்கவைத்து அரை மணி நேரம் இருங்கள். விற்பவர் அவசரப்படுத்துவார். அந்த அரை மணி நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.